மடங்களை விற்ற அரசுகள்: காரைக்குடியில் ஏழு சனிக்கிழமைகள்

கடந்த தை, மாசி மாதங்களில், காரைக்குடி செக்காலைப் பகுதியிலுள்ள ஒரு பழைய வீட்டின் பட்டாலையில் (கூடத்தில்) சனிக்கிழமைதோறும் மாலை ஐந்தரை மணி முதல் எட்டு மணி வரை, ஏழு வாரங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஐரோப்பிய அரசுகள் கிறித்தவத் திருச்சபையின் நிலங்களையும் துறவுமடங்களையும் கைப்பற்றி விற்ற வரலாறுதான் பாடப்பொருள். கட்டணம் ஒருவருக்கு 1,800 ரூபாய். அச்சிட்ட குறிப்புகளும் இடைவேளையில் தந்த காப்பியும் பலகாரமும் அதற்குள் அடங்கும். பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை ஒருவர். வந்திருந்தவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. கோயில் கணக்கு எழுதுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வழக்கறிஞர் இருவர், தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தினர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியாகப் பெரிய வீடுகளைக் காத்துக்கொண்டிருக்கும் ஆச்சிமார் எனப் பலரும் இருந்தார்கள்.

நான் வங்கியில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன். வரலாற்றை முறையாகப் படித்தவன் அல்லன். இந்த வகுப்பு அடுத்த முறை நடக்கும்போது சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் சேரலாம். நான்காம் வாரத்திலும் ஏழாம் வாரத்திலும் குறைகள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன். எனினும், மன்னர்களின் கோபதாபங்களைக் கதையாகச் சொல்லி நேரத்தைப் போக்காமல், சொத்தைக் கணக்கெடுத்தவர் யார், விலை எப்படி நிர்ணயமானது, வாங்கியவர் யார், வாங்கியதை என்ன செய்தார் என்ற நான்கு கேள்விகளை ஒவ்வொரு நாட்டுக்கும் விடாமல் கேட்டுக்கொண்டு போன முறை, கணக்குப் பார்த்தே பிழைத்த ஓர் ஊருக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது.

முதல் மாலையில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் திருமணப் பிரச்சினையிலிருந்து பாடம் தொடங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். பேராசிரியை 1535ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பிலிருந்து தொடங்கினார். அந்த ஆண்டு அரசு ஆணையர்கள் நாடெங்கும் சென்று, ஒவ்வொரு மடத்துக்கும் ஒவ்வொரு கோயிலுக்கும் ஆண்டுக்கு என்ன வருமானம், குத்தகை எவ்வளவு, தசமபாகம் (விளைச்சலில் திருச்சபைக்குரிய பத்தில் ஒரு பங்கு) எவ்வளவு, கட்டாயச் செலவு எவ்வளவு என்று எழுதி எடுத்தார்கள். 'வலோர் எக்லேசியாஸ்டிகஸ்' என்ற லத்தீன் பெயர் கொண்ட அந்தப் பதிவேட்டை அவர் "திருச்சபையின் ஐந்தொகை" (இருப்புநிலைக் கணக்கு) என்று சொன்னவுடன் பட்டாலை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஐந்தொகை எடுப்பது என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் வரவுசெலவு வெளியாள் ஒருவர் கையில் ஒரே ஏட்டில் சேர்ந்துவிட்டால், அதன்பின் அந்த நிறுவனத்தின் கதி அதன் கையில் இல்லை என்பதும் நம்மவர்க்குத் தெரியும்.

அடுத்த ஆண்டே, 1536இல், ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களைக் கலைக்கும் சட்டம் வந்தது. 200 என்ற எல்லையை வகுப்பதற்குக் கணக்கேடு ஏற்கெனவே தயாராக இருந்தது. கைப்பற்றிய சொத்தை நிர்வகிக்கவும் விற்கவும் 'ஆக்மென்டேஷன்ஸ்' என்று பெயரிட்ட தனி நீதிமன்ற அலுவலகம் ஒன்று அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ரிச்சர்டு ரிச். வடக்கு மாவட்டங்களில் மக்கள் இதை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அவர்களை நடத்திச் சென்ற ராபர்ட் ஆஸ்க் 1537இல் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் பெரிய மடங்களும் ஒவ்வொன்றாக 'தாமாகவே ஒப்படைக்கிறோம்' என்று எழுதிக்கொடுத்தன; அப்படி எழுதி வாங்கியதற்கு 1539இல் ஒரு சட்டம் செல்லுபடி கொடுத்தது. எழுதிக்கொடுக்க மறுத்த கிளாஸ்டன்பரி மடாதிபதி ரிச்சர்டு வைட்டிங், அந்த ஆண்டு நவம்பரில் தம் மடத்தை அடுத்த குன்றின்மேல் தூக்கிலிடப்பட்டார். 1540 மார்ச்சில் வால்தம் மடம் ஒப்படைக்கப்பட்டபோது, ஏறத்தாழ 800 மடங்கள் இருந்த அந்த நாட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இத்தனைக்கும் பிடித்த காலம் நான்கு ஆண்டுகள்.

நிலங்களின் விலை, பொதுவாக, ஆண்டு வருமானத்தைப்போல 20 மடங்கு என்று வைக்கப்பட்டது. இதைக் கேட்டதும் என் பக்கத்தில் இருந்த, எண்பது வயதைத் தாண்டிய ஐயா ஒருவர், "நூற்றுக்கு அஞ்சு வட்டி" என்று மெல்லச் சொன்னார். பேராசிரியை பேச்சை நிறுத்தி, அதை எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பச் சொல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். அப்படி நிறுத்திக் கேட்கத் தெரிந்த ஆசிரியர்கள் அரிது. அதற்குப் பிறகு அந்த ஐயா ஒவ்வொரு வாரமும் முன்வரிசையில் அமர்ந்தார். வகுப்பின் பாதிக் கேள்விகள் அவரிடமிருந்தே வந்தன. பிரான்சுடனும் ஸ்காட்லாந்துடனும் நடத்திய போர்களுக்காக மன்னருக்குக் கைப்பணம் தேவைப்பட்டது. ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்க வேண்டிய குத்தகையை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டார். 1547இல் அவர் இறந்தபோது கைப்பற்றிய நிலத்தில் பாதிக்கு மேல் கைமாறியிருந்தது. முதலை விற்றுச் செலவு செய்த வீட்டின் கதை என்று அந்த ஐயா இதை ஒரே வரியில் முடித்தார்.

இரண்டாம் மாலை கட்டடங்களைப் பற்றியது. எனக்கு உறக்கம் கெட்ட இரவு அதுதான். நிலத்தை வாங்குகிறவர் நிறைய இருந்தார்கள். ஆனால் ஆயிரம் பேர் நின்று வழிபடும் கோயிலை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? கூரையை மூடியிருந்த ஈயத் தகடுகளை உரித்து, அங்கேயே உருக்கிக் கட்டிகளாக வார்த்து அரசுக்கு அனுப்பினார்கள். மணிகளை உடைத்து எடைக்கு விற்றார்கள். ஈயம் போன கூரை மழைக்குத் தாங்காது. எனவே இடிக்கக் கூலி கொடுக்காமலேயே பல கோயில்கள் இடிந்தன. இன்று படங்களில் நாம் காணும் டின்டர்ன் மடத்தின் கூரையற்ற சுவர்கள் அப்படி உருவானவை. ஃபவுன்டன்ஸ் மடத்தை 1540இல் ரிச்சர்டு கிரேஷம் என்ற வணிகர் வாங்கினார். பின்னால் அங்கே எழுந்த மாளிகைக்கு மடத்தின் கற்களே பயன்பட்டன. மடங்களின் நூலகங்களிலிருந்த கையெழுத்துச் சுவடிகளை, மளிகைக்காரருக்கும் சவர்க்காரம் விற்பவருக்கும் பொட்டலம் கட்டக் கொடுத்தார்கள் என்றும், விளக்குத் தண்டு துலக்கவும் காலணி துடைக்கவும் பயன்படுத்தினார்கள் என்றும் 1549இல் ஜான் பேல் என்பவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர் மடங்களை ஆதரித்தவர் அல்லர், அவற்றைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதையும் பேராசிரியை சேர்த்துச் சொன்னார்.

அதே மாலையில்தான் டியூக்ஸ்பரி என்ற ஊரின் கதையையும் கேட்டோம். அங்கே மடம் கலைக்கப்பட்டபின் அதன் பெரிய கோயிலை இடிப்பதற்கு இருந்தார்கள். ஊர் மக்கள் அரசிடம் சென்று, கோயிலின் மணிகளுக்கும் கூரை ஈயத்துக்கும் அரசு என்ன மதிப்பு போட்டிருக்கிறதோ அதையே விலையாகக் கொடுத்து, 453 பவுண்டுக்குக் கோயிலை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது, வழிபாடும் நடக்கிறது. புள்ளிக்கு (மணமான குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி போட்டுக் கோயில் திருப்பணி செய்து பழகிய ஊரில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது, தாம் வழிபட்ட கோயிலையே பழைய ஈயத்தின் விலைக்கு வாங்க நேர்ந்த அந்த மக்களை அந்நியராக என்னால் நினைக்க முடியவில்லை.

மடத்திலிருந்து வெளியேறிய துறவிகளுக்கு ஓய்வூதியம் வழங்கப்பட்டது என்பது நான் அறியாத செய்தி. மடாதிபதிகளுக்குத் தாராளமாகக் கிடைத்தது. கன்னியர்களில் (பெண் துறவிகளில்) பலருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று பவுண்டுகள்தான். துறவற விரதம் எடுத்தவர் மணம் செய்யக் கூடாது என்று 1539இல் இன்னொரு சட்டம் வந்ததால், வீடும் இல்லாமல் குடும்பமும் அமைத்துக்கொள்ள முடியாமல் அவர்கள் நின்றார்கள். அவர்களைப் பற்றி இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம்.

இங்கிலாந்துப் பகுதியை அவர் முடித்த இடம்தான் ஏழு வாரத்துக்கும் அச்சாணி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஹென்றி ரோமாபுரித் திருத்தந்தையின் அதிகாரத்திலிருந்து பிரித்திருந்த நாட்டை, அவர் மகள் மேரி அரியணை ஏறித் திரும்பவும் ரோமாபுரியின் கீழ்க் கொண்டுவந்தார். மடங்களின் நிலம் மடங்களுக்குத் திரும்பும் என்றுதானே நினைப்போம்? திரும்பவில்லை. 1554இல், திருத்தந்தையின் தூதராக வந்த கர்தினால் போல், நிலத்தை வாங்கியவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கு அளித்த பிறகே நாடாளுமன்றம் ரோமுடன் இணங்கியது. அரசரும் மாறி, சமயமும் மாறி, திருத்தந்தையின் அதிகாரமே திரும்பி வந்தபோதும், கிரையம் பெற்றவர் கையிலிருந்து ஒரு காணி நிலத்தைக்கூட எடுக்க முடியவில்லை. விற்பனை என்பது வெறும் பணம் திரட்டும் வழி அன்று, வாங்கியவர் ஒவ்வொருவரையும் புதிய ஆட்சியோடு கட்டிப்போடும் முடிச்சு என்பதை அவர் இப்படி நிறுவினார்.

மூன்றாம் மாலையில் பிரான்ஸ். அங்கே முதலில் யோசனை சொன்னவரே ஓர் ஆயர்: ஒத்தான் நகரத்து ஆயர் தலேரான். அரசின் கடன் தலைக்கு மேல் ஏறியிருந்த 1789 அக்டோபரில் அவர் இதை முன்மொழிந்தார். நவம்பர் 2ஆம் நாள், திருச்சபையின் சொத்துகள் அனைத்தும் 'நாட்டின் பொறுப்பில்' வைக்கப்படுகின்றன என்று பேரவை 568க்கு 346 என்ற வாக்கில் தீர்மானித்தது. 'பறிமுதல்' என்ற சொல் அந்தத் தீர்மானத்தில் இல்லை. பதிலாகக் குருமார்களின் சம்பளத்தையும் ஏழைகளின் பராமரிப்பையும் அரசு ஏற்றுக்கொண்டது. அந்த நிலங்களின் மதிப்பை ஈடாகக் காட்டி 'அசினியா' என்ற பத்திரங்களை வெளியிட்டார்கள். முதலில் 40 கோடி லீவருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்), வட்டியுடன். பிறகு அவையே காகிதப் பணமாகிவிட்டன. ஈடு அதே நிலம்தான், பத்திரமோ ஆண்டுக்காண்டு பெருகி நூறு மடங்கைத் தாண்டியது. 1796 பிப்ரவரியில் அச்சுத் தகடுகளைப் பாரிசின் வாந்தோம் சதுக்கத்தில் எல்லோரும் பார்க்க உடைத்து எரித்தார்கள்.

நிலம் ஏலத்தில் விற்கப்பட்டது. சிறு மெழுகுதிரி ஒன்றை ஏற்றி, அது அணைவதற்குள் மேற்கேள்வி வராவிட்டால் கடைசியாகக் கேட்டவருக்கே நிலம் என்பது முறை. முதலில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு, மீதியை 12 ஆண்டுத் தவணையில் கட்டலாம். காகிதப் பணத்தின் மதிப்பு வீழ்ந்ததால், பொறுத்திருந்து பிந்திய தவணைகளைச் செல்லாக்காசாகிக்கொண்டிருந்த தாளில் கட்டியவர்கள் ஏறக்குறைய இனாமாகவே நிலம் பெற்றார்கள். ஊர்க்காரர்கள் பலர் பணம் சேர்த்துக் கூட்டாக ஏலம் கேட்டதும் உண்டு. 1793இல் அதைத் தடைசெய்தார்கள். இந்தப் பகுதியைப் பேராசிரியை பலகையில் ஒரு தவணைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். அதைப் போல் தெளிவான வரலாற்றுப் பாடத்தை நான் கேட்டதில்லை. ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகின் மிகப் பெரிய கோயிலாக இருந்த க்ளூனி மடத்துக் கோயில் 1798இல் விற்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல் கல்லாகப் பிரித்து விற்கப்பட்டது. இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட நிற்கவில்லை. 1801இல் நெப்போலியன் திருத்தந்தையுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் 13ஆம் பிரிவில், வாங்கியவர்களுக்கு எந்த இடையூறும் செய்வதில்லை என்று திருச்சபை உறுதி கொடுத்தது. இங்கிலாந்தில் கண்ட அதே முடிச்சு.

நான்காம் வாரம் ஸ்பெயினும் போர்ச்சுகலும். இங்கேதான் வகுப்பு தடுமாறியது. ஸ்பெயினில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த மெந்திசாபல் 1836இல் மடச் சொத்து விற்பனையைத் தொடங்கியதும், 1855இல் மதோஸ் சட்டம் திருச்சபை நிலத்தோடு ஊர்ப் பொதுநிலத்தையும் சேர்த்து விற்றதும் இரண்டு மாலைக்கு உரிய செய்திகள். அவை அரை மணி நேரத்தில் ஓடிப்போயின. ஊர்ப் பொதுநிலம் ஏலத்துக்குப் போனபோது மேய்ச்சலும் விறகும் இழந்த குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லப்பட்டது. அடுத்த வாரம் அது மறந்துபோயிற்று. கொடுத்த குறிப்பில், மடங்களை ஒழித்த போர்ச்சுகலின் ஆணைக்கு 1843 என்று அச்சாகியிருந்தது. 1834 என்று நாங்கள் பேனாவால் திருத்திக்கொண்டோம். ஆண்களின் மடங்கள் உடனே மூடப்பட்டதையும், கன்னியர் மடங்களைக் கடைசிக் கன்னியர் இறக்கும்வரை அரசு காத்திருந்து எடுத்துக்கொண்டதையும் மட்டும் நன்றாக விளக்கினார். போர்த்தோ நகரில் அப்படிக் காத்திருந்து பெற்ற ஒரு மடத்தின் மனையில்தான் சுவரெல்லாம் நீல ஓவிய ஓடுகள் பதித்த சான் பெந்து ரயில் நிலையம் எழுந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அமர்ந்து அந்த ஓடுகளின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோவாவையும் அவர் சுருக்கிவிட்டார் என்பது என் வருத்தம். அதே 1834ஆம் ஆண்டு ஆணை கடல் கடந்து வந்து, பழைய கோவாவின் அகுஸ்தினார் மடத்தைக் காலிசெய்தது. பராமரிப்பு இல்லாமல் 1842இல் அதன் கோயில் விதானம் விழுந்தது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சரிந்தன. மீதிப் பாதி இன்றும் வானத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் பெரிய மணி அகுவாதா கோட்டைக்குப் போய், 1871 முதல் பணஜியின் மாதா கோயிலில் ஒலிக்கிறது. நம் நாட்டிலேயே நேரில் போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று அது. அதற்குப் பத்து நிமிடம்கூடத் தரவில்லை.

ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் ஐந்தாம் வாரத்தில் அளவாக அமைந்தன. ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1782 முதல், கல்வியோ மருத்துவமோ செய்யாமல் தியானத்தில் மட்டும் இருந்த மடங்களை மூடி, அந்தப் பணத்தைத் தனி நிதியாக வைத்து ஊர்க் கோயில்களுக்கே செலவிட்டார். கைப்பற்றியவர்களில் பணம் போன இடத்துக்குக் கணக்குக் காட்டியவர் அவர். ஜெர்மன் நாடுகளில் 1803இல் நடந்த கைப்பற்றலுக்கு ஈடாகத் திருச்சபைகளுக்கு மாநில அரசுகள் இன்றும் ஆண்டுக்கு 50 கோடி யூரோவுக்கும் மேல் கொடுத்துவருகின்றன என்ற செய்தி எல்லோரையும் வியக்க வைத்தது. கோயில் கணக்கு எழுதும் ஒருவர், "நம்ம ஊர்த் தஸ்திக் போல" என்றார். இனாம் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டதற்கு ஈடாகக் கோயில்களுக்கு ஆண்டுதோறும் வரும் அந்தச் சிறு தொகையை நினைத்தே அவர் சொன்னார்.

ஆறாம் வாரம் வகுப்பு வீட்டுக்குள் நடக்கவில்லை. மாலை நான்கு மணிக்கே எங்களை முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அழைத்துச் சென்றார். பழம்பொருள் கடைகளைத் தேடி வெளிநாட்டார் வரும் தெரு அது. ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது எந்த ஊரிலிருந்து, எந்த வீட்டிலிருந்து, அந்த வீட்டின் எந்தக் கட்டிலிருந்து (முற்றத்தைச் சுற்றிய பகுதியிலிருந்து) வந்தது என்று கேட்டு எழுதிவர வேண்டும் என்பதே வேலை. நான் ஒரு தேக்குத் தூணைத் தேர்ந்தெடுத்தேன். "செட்டிநாட்டுப் பழைய வீடுங்க" என்பதற்கு மேல் பதில் இல்லை. முப்பது பேரில் ஊர்ப் பெயரோடு திரும்பியவர்கள் நால்வர். அந்த நால்வரும் ஒரே கடைக்குப் போனவர்கள். அந்தக் கடைக்காரர் வாங்கும்போதே ஊரையும் கட்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறார்.

திரும்பிவந்து பட்டாலையில் அமர்ந்தபின் அவர் சாக்ரமேனியா மடத்தின் கதையைச் சொன்னார். 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த ஸ்பானிய மடம், 1830களில் விற்கப்பட்டபின் தானியக் கிடங்காகவும் தொழுவமாகவும் இருந்தது. 1925இல் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் அதன் சுற்றுமண்டபத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, வைக்கோல் பொதிந்து ஏறத்தாழ 11,000 பெட்டிகளில் கப்பலேற்றினார். ஸ்பெயினில் மாடுகளுக்குக் கோமாரி பரவியிருந்ததால், அமெரிக்க அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து வைக்கோலை எரித்தார்கள். கற்களைத் திரும்ப வைத்தபோது பெட்டிகள் மாறிப்போயின. கால் நூற்றாண்டுக்கு மேல் நியூயார்க்கின் கிடங்கில் கிடந்து, 1950களில் மயாமிக்கு அருகே அது மீண்டும் எழுப்பப்பட்டது. எந்தக் கல் எங்கே என்று தெரியாமல் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பொருத்திப் பார்த்தார்கள். எண்ணும் பெட்டியும் மாறினாலே இந்தப் பாடு என்றால், எண்ணே போடாத நம் தூண்களையும் நிலைகளையும் எந்த வளவில் திரும்ப நிறுத்துவது என்று அவர் கேட்டார். நான் பிறந்த வீட்டின் இரண்டாங்கட்டு, பங்காளிகள் ஒப்புதலோடு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பிரித்து விற்கப்பட்டது. அதில் நானும் கையெழுத்திட்டவன். தூண்கள் எத்தனை என்பது எனக்குத் தெரியும். எங்கே போயின என்று அன்று நான் கேட்கவில்லை. அந்த மாலை வீட்டுக்குப் போனதும், நினைவிலிருந்த அளவைத் தாளில் வரைந்து வைத்தேன்.

ஏழாம் வாரம் நம் மண்ணைப் பற்றியது. 1693இல் ஓரியூரில் உயிர்விட்ட இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) பணிசெய்த மதுரை மிஷன், 1773இல் திருத்தந்தையே இயேசு சபையைக் கலைத்தபோது ஆதரவின்றிப் போய், 1830களின் இறுதியில்தான் சபையார் திரும்பிவந்தார்கள் என்பதைத் தேவகோட்டைக்காரர்கள் கூர்ந்து கேட்டார்கள். அதன்பின் கோயில் நிலங்களுக்கு வந்தார். 1817ஆம் ஆண்டுச் சென்னை ஒழுங்குவிதியில் தொடங்கி, 1863இல் அரசு ஒதுங்கி, 1920களில் வாரியமாகத் திரும்பிவந்து, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைத்த வரலாற்றை இருபதே நிமிடத்தில் சொல்லிவிட்டார். சொன்னதில் ஒரு வேறுபாடு முக்கியமானது. ஐரோப்பாவில் அரசு உரிமையையே எடுத்து விற்றது. இங்கே அரசு எடுத்தது நிர்வாகத்தை. சட்டத்தின் கண்ணில் நிலம் இன்னும் சுவாமியின் பெயரில்தான் இருக்கிறது. கோயிலுக்குத் தேவை அல்லது நன்மை என்று கருதி ஆணையர் அனுமதி தந்தாலன்றி, விற்பனையும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் செல்லாது என்று அந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இடத்தில் வழக்கறிஞர்கள் இருவரும் எழுந்து நல்ல விவாதம் ஒன்றைத் தொடங்கினார்கள். நேரமில்லை என்று அது நிறுத்தப்பட்டது. ஏழு வாரத்தில் இந்த ஊருக்கு மிகவும் தேவையான விவாதம் அதுவே. அடுத்த முறை இதற்கு முழு மாலை ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசி நாற்பது நிமிடம் பர்மாவுக்கு. விருப்பமுள்ளவர்கள் வீட்டிலுள்ள பத்திரங்களைக் கொண்டுவரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், என் அப்பச்சி (தந்தை) காத்துவைத்த தகரப் பெட்டியை நான் எடுத்துச் சென்றேன். என் ஐயா (பாட்டனார்) பர்மாவின் பெகுப் பக்கத்தில் வைத்திருந்த நெல்வயல்களின் பத்திரங்கள் அதில் இருக்கின்றன. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது; வயல்கள் போயின, காகிதம் மிஞ்சியது. எங்கள் வீட்டில் இது இழப்பின் கதையாக மட்டுமே சொல்லப்பட்டது. பேராசிரியை பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதல் வாரத்தில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: "இந்த நிலம் உங்கள் ஐயா கைக்கு எப்படி வந்ததுங்க?" 1930களின் விலைவீழ்ச்சியில் கடனைக் கட்ட முடியாத பர்மியக் குடியானவர்களிடமிருந்து ஈட்டுக்கு வந்தவை அவை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் நம்மவரான செட்டியார்களின் பெயரில் இருந்தது. பறிகொடுத்தவர்களின் பேரன் என்றே என்னை நினைத்திருந்தேன். அதற்கு முன்பு பெற்றுக்கொண்டவர்களின் பேரனாகவும் இருக்கிறேன் என்பதை, யாரையும் குற்றம் சாட்டாமல், ஒரு கேள்வியால் அவர் எனக்குக் காட்டினார். பெட்டியை மூட எனக்குச் சற்று நேரமாயிற்று. முன்வரிசை ஐயா எழுந்துவந்து பத்திரங்களை அடுக்கிக் கொடுத்தார்.

இனி வசதிகளைப் பற்றி. பட்டாலை காற்றோட்டமானது; ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டரை மணி நேரம் அமர்வது முதியவர்களுக்குக் கடினம். திரையில் காட்டிய படங்கள் மாலை ஆறரை மணி வரை வெளிச்சத்தில் சரியாகத் தெரிவதில்லை. பின்வரிசையில் ஒலி குறைவு. குறிப்புகளின் நகல் மங்கலாக இருந்தது. நிலவரைபடங்களைப் படிக்கவே முடியவில்லை. காப்பியும், ஒரு வாரம் வெள்ளைப் பணியாரம், ஒரு வாரம் கந்தரப்பம் என்று மாறிவந்த பலகாரமும் குறையில்லாதவை. உடல்நலமின்றி இரண்டு வாரம் வர முடியாத ஒரு ஆச்சிக்கு, விடுபட்ட பாடங்களைப் பேராசிரியை ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார் என்பதை இங்கே குறிப்பிடுவது என் கடமை.

அடுத்த தொகுதி ஆடியில் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்; கட்டணத்தில் மாற்றமில்லை. கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களும், வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று பங்காளிகளோடு பேசிக்கொண்டிருப்பவர்களும் முதலில் சேர வேண்டும் என்பது என் விருப்பம். சமய வரலாறு மட்டும் தேடி வருகிறவர்களுக்கு இறையியல் குறைவாகவும் கணக்கு மிகுதியாகவும் தோன்றலாம். வாசிக்கும் கண்ணாடியைக் கட்டாயம் கொண்டுசெல்லுங்கள். வீட்டில் பழைய பேரேடோ பத்திரமோ இருந்தால் அதையும் ஏழாம் வாரத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.